கவோரு அபேயின் இசைத்தட்டுகளை மறுவெளியீடு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

எழுபதுகளின் ஜப்பானிய ஃப்ரீ ஜாஸ் (மெட்டு, தாளக் கட்டுப்பாடின்றி அந்தக் கணத்திலேயே உருவாக்கி வாசிக்கும் ஜாஸ்) ஒலிநாடாக்களைத் தேடியெடுத்து வெளியிடும் உங்கள் உழைப்பு இல்லையென்றால், கவோரு அபே என்ற ஆல்ட்டோ சாக்ஸபோன் கலைஞரின் பெயர்கூட என் காதுக்கு எட்டியிருக்காது. அந்த நன்றியோடுதான் இந்த முறையீட்டையும் எழுதுகிறேன்.

அண்மையில் வாங்கிய ஒரு தட்டின் உறைக்குறிப்பு முழுக்க அவர் விழுங்கிய தூக்க மாத்திரைகளும், மனைவியோடு போட்ட சண்டைகளும், 29 வயதில் வந்த சாவுமே நிறைந்திருந்தன. எந்த ஊரில், எந்த நாளில் வாசித்தது என்று புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். ஒரு வரிகூட இல்லை.

1949இல் கவசாகியில் பிறந்து, தானே பழகிக்கொண்டு மேடையேறியவர் அபே. (உலகெங்கும் பாடல் விற்ற பாடகர் கியூ சகாமோட்டோ அவருக்கு நெருங்கிய உறவினர் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீர்வதில்லை.) 1970இல் கிட்டார் கலைஞர் மசாயுகி தகாயனகியுடன் தோக்கியோவின் ஷிபுயாவில் அவர் வாசித்த இரட்டையர் கச்சேரியின் பதிவு 2001இல்தான் வெளிவந்தது. 1977இல் அமெரிக்க டிரம்ஸ் கலைஞர் மில்ஃபோர்ட் கிரேவ்ஸ், 1978இல் ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் டெரெக் பெய்லி எனத் தோக்கியோ வந்த பெருங்கலைஞர்களுடனும் பதிவு செய்திருக்கிறார்.

நாளும் இடமும் ஏன் முக்கியம் என்பதற்கு 1971இல் செண்டாய் நகரில் அவர் தனியாக வாசித்த பதிவு ஒன்றே போதும். அதில் அவர் கையிலெடுப்பது 'அகேசியா மழை ஓயும்போது' என்ற பழைய திரைப்பாணி மெல்லிசை. நிஷிதா சச்சிகோ 1960இல் பாடிய அந்தப் பாட்டை, அமெரிக்காவுடனான பாதுகாப்பு உடன்படிக்கைக்கு எதிரான போராட்டம் தோற்ற சோர்வோடு சேர்த்தே ஜப்பானியர் நினைவில் வைத்திருக்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த அந்த மெட்டை அபே ஸ்வரம் கீறிக் கிழியும் வரை இழுக்கிறார். பாட்டின் பெயரும் ஆண்டும் தெரியாதவருக்கு அது வெறும் அலறல். தெரிந்தவருக்கு ஒரு தலைமுறையின் பாட்டோடு நடத்தும் வாக்குவாதம்.

இதைச் சரியாகச் செய்தவர்களும் உண்டு. தோக்கியோவின் ஹட்சுடாயில் இருந்த 'காயா' என்ற சிறு அரங்கில் அவர் தனியாக வாசித்தவற்றை பி.எஸ்.எஃப். என்ற ஜப்பானிய இசைத்தட்டு நிறுவனம் பத்துத் தட்டுகளாக வெளியிட்டது. இரைச்சல் என்று பொருள்படும் எழுத்தால் பெயர் பெற்ற அந்த அறையில், அவர் எவ்வளவு நேரம் மௌனமாக நின்றார் என்பதுதான் எனக்கு முதலில் உறைத்தது. ஒரே அறையில் வாசித்தவற்றை வரிசையாகக் கேட்டால்தான் அந்த மௌனம் தளர்ச்சியல்ல, தேர்ச்சி என்பது விளங்கும்.

ஆகவே, ஒவ்வொரு தட்டிலும் நாள், இடம், வாத்தியம், பதிவு வெட்டப்பட்டதா முழுமையானதா என்ற விவரங்களை அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவர் மனைவி இசுமி சுசுகி தம் பெயரிலேயே அறிவியல் புனைகதைகளால் அறியப்பட்ட எழுத்தாளர். அவரையும் சண்டைக்கார மனைவியாக மட்டும் காட்டுவதை நிறுத்துங்கள்.

1978 ஆகஸ்ட் 28 அன்று சப்போரோவில் பதிவான தட்டில் அபே சாக்ஸபோனோடு நிற்கவில்லை. கிட்டாரும் ஹார்மோனிக்காவும் வாசிக்கிறார். புதிதாக எதையோ தொடங்கியவரின் கை அது. செப்டம்பர் 9 அன்று அவர் இறந்தார் என்ற செய்தியை, அடுத்த பதிப்பிலாவது, உறையின் முகப்பிலிருந்து எடுத்து உள்ளே கடைசிப் பக்கத்தில் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தட்டுகளைக் காசு கொடுத்து வாங்கும் ஒரு ரசிகன்