மில்ஸ் குண்டும் இந்திய அரக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படை பயன்படுத்திய மில்ஸ் கையெறி குண்டு பற்றிச் சென்ற இதழில் வெளிவந்த கட்டுரையை, அதே குண்டைப் பயிற்சிக் களத்தில் எறிந்து பழகியவன் என்ற முறையில் ஆர்வத்தோடு படித்தேன். குண்டின் மேலுள்ள கட்டம் கட்டமான வரிகள், வெடிக்கும்போது அவற்றின் வழியே இரும்பு பிளந்து சிதறுவதற்காக அமைக்கப்பட்டவை என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். எங்கள் பட்டாளத்திலும் பலர் அப்படித்தான் நம்பினோம். ஆனால், கையிலிருந்து நழுவாமல் பிடிப்பதற்காகவே குண்டை வடிவமைத்த வில்லியம் மில்ஸ் அவற்றை அமைத்தார் என்பது அவருடைய குறிப்புகளிலிருந்தே தெரியவருகிறது. வார்ப்பிரும்பு அந்த வரிகளுக்குக் கட்டுப்படாமல் தாறுமாறாகவே உடைகிறது.

மில்ஸ் ஒருவரே இதைக் கண்டுபிடித்தார் என்பதும் சரியன்று. பெல்ஜிய ராணுவத்தின் கேப்டன் லியோன் ரோலண்ட் 1912-இல் உருவாக்கிய குண்டே இதற்கு அடிப்படை. அதை மேம்படுத்தி, 1915-இல் பர்மிங்காமில் பெருமளவில் தயாரித்தது மில்ஸின் பணி. அந்தப் பணியும் சிறியதன்று. அதற்கு முன் பிரிட்டிஷ் படையிடம் இருந்த நீண்ட கைப்பிடிக் குண்டு எதன்மீதாவது மோதினால் வெடிக்கும் வகையைச் சேர்ந்தது. குறுகிய பதுங்குகுழியில் எறிவதற்காகக் கையைப் பின்னால் ஓங்கும்போது அது மண்சுவரில் இடித்து, எறிய வந்தவனையே கொன்றுவிடும். துருக்கியின் கல்லிப்போலிப் போர்முனையிலோ வீரர்கள் காலியான ஜாம் டப்பாக்களில் வெடிமருந்தையும் இரும்புத் துண்டுகளையும் அடைத்துப் போரிட்டார்கள். பின்னைக் கழற்றிய பிறகும் லீவரைக் கை அழுத்திப் பிடித்திருக்கும்வரை திரி பற்றாது என்ற ஏற்பாடு, இந்த நிலையில் எத்தனை உயிர்களைக் காத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

கட்டுரையில் இடம்பெறாத ஒரு செய்தியே என்னை இக்கடிதம் எழுதத் தூண்டியது. போரின் பிற்பகுதியில் வந்த, மில்ஸ் குண்டின் 36-எம் என்ற வகையின் பெயரிலுள்ள 'எம்', மெசபடோமியாவைக் குறிக்கிறது. இன்றைய ஈராக்கான அந்தப் போர்முனையில் நின்றவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையினரும் அங்கே இருந்தார்கள். அந்த வெப்பத்திலும் ஈரத்திலும் குண்டு பழுதாகாதிருக்க, அதன்மேல் அரக்கு பூசிக் காற்றுப் புகாமல் அடைத்தார்கள். அக்காலத்தில் உலகச் சந்தைக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது. சோட்டா நாக்பூர் காடுகளின் பழங்குடி மக்கள் குசும், பலாச மரங்களிலிருந்து அதைச் சேகரித்தார்கள். மில்ஸுக்கு 1922-இல் சர் பட்டம் கிடைத்தது. ரோலண்டின் பெயரே அரிதாகத்தான் சொல்லப்படுகிறது என்னும்போது, அரக்கு சேர்த்தவர்களை யார் எழுதப்போகிறார்கள்?

அந்த 36-ஆம் எண் குண்டுதான் நம் ராணுவத்திலும் பல பத்தாண்டுகள் நிலைத்திருந்தது. அதற்கு மாற்றாக நம் நாட்டிலேயே வடிவமைக்கப்பட்ட புதிய குண்டுகள் 2021 ஆகஸ்டில் நாக்பூரில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டன. கட்டுரையின் அடுத்த பகுதி அந்த மாற்றத்தைப் பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதில் இந்தத் திருத்தங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவர்,
வேலூர்.