திருடன் எழுதும் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் புத்தகத் திருட்டு பற்றிய கட்டுரையில் ஒரு வரி: 'வகுப்பில் ஜெராக்ஸ் கொடுக்கும் ஆசிரியரும் திருடர்தான்.' நான் 31 வருஷம் கல்லூரியில் பொருளாதாரம் நடத்தியவன். அந்தக் கணக்கில் கொள்ளைக்கூட்டத் தலைவன்.

தங்களுக்குத் தெரியாததில்லை. 1957ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பாடம் நடத்துவதற்காக ஆசிரியரோ மாணவரோ படியெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடையின் மீதும் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் பதிப்பகங்கள் 2012இல் போட்ட வழக்கையும் தங்கள் கட்டுரையாளர் கேள்விப்பட்டிருப்பார். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. டிசம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த அமர்வு, இத்தனை பக்கம்தான் என்று வரம்பு கட்டவில்லை. பாடத்துக்கு அவ்வளவு தேவைதானா என்பதை மட்டும் விசாரிக்கச் சொன்னது. 2017இல் பதிப்பகங்களே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டன. தாங்கள் இன்னும் வாங்கவில்லை.

முழுப் புத்தகத்தையும் அச்சடித்து நடைபாதையில் விற்பது திருட்டுதான், சரி. என் கதை வேறு. வகுப்பில் 62 பேர், நூலகத்தில் ஒரே பிரதி. அதுவும் பைண்டிங் போய்விடும் என்று கண்ணாடி பீரோவில் பூட்டு. நூலகரிடம் கெஞ்சி வாங்கி, ஓர் அத்தியாயம், 22 பக்கம், பக்கம் ஐம்பது காசுக்கு எடுத்தோம். ஆளுக்குப் பதினொரு ரூபாய். முதல் பக்கத்தில் இருந்த நூலக முத்திரை 62 பிரதியிலும் கறுப்பாக விழுந்திருந்தது. ஒளித்துத் திருடுகிறவன் முத்திரையோடா எடுப்பான்?

அப்புறம் இன்னொன்று. நான் தயாரித்த மாதிரி வினாத்தாளை ஒரு கைடு கம்பெனி அப்படியே அச்சிட்டு விற்றது. 17ஆம் கேள்வியில் நான் தப்பாகப் போட்ட எண்கூட அப்படியே இருந்தது. என் பெயர் மட்டும் இல்லை. அவர்களுக்கு எழுதினேன், பதில் இல்லை. தங்களுக்கும் எழுதினேன், பிரசுரமாகவில்லை. அந்தத் திருட்டுக்கு எந்த ஞாயிறும் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். 52ஆவது பிரிவு என்று ஒன்று இருப்பதாக, அதே பக்கத்தில் இரண்டு வரி விளக்கம் போட்டால் போதும்.

போன கடிதம் வந்து சேரவில்லை என்று தங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அதனால் இதை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பொருளாதார ஆசிரியர்,
கும்பகோணம்.