சலாமிஸில் துடுப்பு வலித்தவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கி.மு. 480ஆம் ஆண்டு கிரேக்கரும் பாரசீகரும் மோதிய சலாமிஸ் கடற்போரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். பகைவரின் பெரும் கப்பற்படையைக் குறுகிய நீரிணைக்குள் வரவழைத்துச் சிக்கவைத்த ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டோக்ளிஸின் சூழ்ச்சியும், கரையோர மலைச்சரிவில் அமர்ந்து தன் படையின் அழிவைப் பார்க்க நேர்ந்த பாரசீகப் பேரரசர் செர்க்சஸின் நிலையும் அதில் நன்றாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால், அந்தக் கப்பல்களைச் செலுத்தியவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது.

கி.மு. 483 வாக்கில் ஏதென்ஸுக்குச் சொந்தமான லாரியம் சுரங்கங்களில் வெள்ளி மிகுதியாகக் கிடைத்தபோது, அதைக் குடிமக்களுக்குத் தலைக்கு 10 திராக்மா (கிரேக்க வெள்ளி நாணயம்) வீதம் பங்கிடுவதாகவே இருந்தது. அந்தப் பணத்தில் கப்பல் கட்டவேண்டும் என்று வாதிட்டவர் தெமிஸ்டோக்ளிஸ்தான். கைக்கு வரவிருந்த காசை விட்டுக்கொடுக்க இசைந்தவர்களோ ஏதென்ஸின் சாதாரண மக்கள். மூன்றாண்டுகளுக்குப் பின் அதே கப்பல்களில் துடுப்பு வலித்தவர்களும் அவர்களே.

மூன்று அடுக்குகளில் துடுப்பு வலிக்கும் அக்கப்பல் ஒவ்வொன்றிலும் துடுப்பு வலிப்பவர்கள் 170 பேர் இருந்தனர். அவர்களுள் கீழ் இரண்டு அடுக்குகளில் அமர்ந்த 108 பேருக்கு வெளியே நடப்பது ஏதும் தெரியாது. அடித்தட்டின் துடுப்புத் துளைகள் கடல்மட்டத்துக்குச் சற்றே மேலே இருந்தமையால், அலை உள்ளே புகாதபடி அவற்றைத் தோலுறையிட்டு மூடியிருப்பார்கள். அந்தப் புழுக்கத்தில், குழலோசையையும் தாளம் சொல்பவரின் குரலையும் மட்டுமே நம்பி, தங்கள் கப்பல் பகைவரை இடிக்கப்போகிறதா, இடிபடப்போகிறதா என்றுகூட அறியாமல் அவர்கள் வலித்தார்கள். ஒருவர் தாளம் தவறினாலும் துடுப்புகள் ஒன்றோடொன்று மோதும். முகப்பிலுள்ள வெண்கல இடிமுனை குறி தப்பிவிடும்.

ஏதென்ஸ் அனுப்பியவை 180 கப்பல்கள் என்கிறார் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். அப்படியானால் துடுப்பு வலித்தவர்கள் மட்டுமே 30,000 பேருக்கு மேல். கவசம் வாங்க வசதியில்லாததால் தரைப்படையில் சேர இயலாத ஏழைக் குடிமக்கள் அவர்களுள் ஏராளம். தங்கள் நகரம் எரிக்கப்பட்டுவிட்டதை அறிந்தே அன்று காலை அவர்கள் துடுப்பைப் பிடித்தார்கள். இந்தக் கடற்படை மக்கள் ஈட்டிய வெற்றியே ஏதென்ஸில் மக்களாட்சியை வலுப்படுத்தியது என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கும்போது, நாம் அவர்களை விட்டுவிடுவது எப்படி நியாயமாகும்?

இன்னொரு திருத்தமும் தேவை. பாரசீகக் கப்பல்கள் 1,207 என்பது படையெடுப்பின் தொடக்கத்துக்கு ஹெரோடோட்டஸ் தரும் கணக்கு. சலாமிஸை அடையுமுன் ஏறக்குறைய 600 கப்பல்கள் புயல்களில் அழிந்ததாக அவரே குறிப்பிடுகிறார். அந்த எண்ணைத் தங்கள் கட்டுரை விளக்கமின்றிப் போர் நாளுக்குப் பொருத்தியது சரியன்று.

கட்டுரையுடன் தெமிஸ்டோக்ளிஸின் மார்பளவுச் சிலையின் படத்தை வெளியிட்டிருந்தீர்கள். பழைய அமைப்பிலேயே கட்டப்பட்டு 1987இல் கடலில் இறக்கப்பட்ட 'ஒலிம்பியாஸ்' கப்பலை 170 தன்னார்வலர்கள் ஒரே தாளத்தில் வலித்துச் செலுத்தும் படத்தையும் அடுத்த இணைப்பில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்