பிளாக்பூல் கோடைகளைத் தொகுக்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள பிளாக்பூலில் சிறுவயது விடுமுறையைக் கழித்தவர்களின் நினைவுகளைத் தமிழில் தொகுத்து முடித்துவிட்டோம். சின்ன வயதில் வந்துபோனவர்களுக்கு இனிப்பும் மணலும் கழுதைச் சவாரியும் நினைவிருந்தன. அவை ஏன் அப்படி இருந்தன என்பதை, அங்கே வேலை பார்த்த நீங்கள் சொல்லித்தான் அறிந்தோம்.

முதல் நன்றி, ‘ராக்’ எனப்படும் கெட்டியான குச்சி மிட்டாய் செய்யும் ஐயாவுக்கு. குச்சியை எங்கே கடித்தாலும் ஊர்ப் பெயர் தெரிகிறதே, அது எப்படி என்று கேட்காத பிள்ளை இல்லை. சர்க்கரையும் குளுக்கோஸ் பாகும் ஏறத்தாழ 140 டிகிரிக்கு மேல் கொதித்ததும், குளிர்ந்த உலோக மேசையில் ஊற்றுகிறார்கள். ஒரு பங்கை இயந்திரத்தில் இழுத்து இழுத்துக் காற்றேற்றினால் அது வெண்மையாகிறது. நிறப் பாகையும் வெள்ளைப் பாகையும் பட்டைகளாக அடுக்கினால் ஒவ்வோர் எழுத்தும் உருவாகும். ‘பிளாக்பூல் ராக்’ என்பதற்கு ஆங்கிலத்தில் 13 எழுத்துகள். ஆனால் அவற்றைச் சொல்லின் வரிசைப்படி செய்வதில்லை. எல், கே போன்ற சதுர வடிவ எழுத்துகள் முதலில். ஓ, சி போன்ற வட்ட எழுத்துகள் கடைசியில். இளஞ்சூட்டுப் பாகில் வட்டத்தை முன்னதாகச் செய்துவைத்தால் அமுங்கிக் கோணலாகிவிடும். எல்லாவற்றையும் வெள்ளை நடுப்பகுதியைச் சுற்றி அடுக்கி, மேலே இளஞ்சிவப்புத் தோல் போர்த்தி, அந்தத் தடித்த உருளையை உருட்டிக்கொண்டே மெல்லிய குச்சியாக நீட்ட வேண்டும். உருட்டுவதை நிறுத்தினால் தொய்ந்துவிடும், ஆறவிட்டால் விரிசல் விட்டுவிடும். இத்தனை கைவேலை அந்தச் சின்னக் குச்சிக்குள் இருப்பதைப் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதற்காகவே இந்தப் பகுதியைத் தொகுப்பில் நீளமாக வைத்தோம்.

கழுதை மேய்ப்பவர்களுக்கு நன்றி. வெள்ளிக்கிழமை மட்டும் கழுதையே இல்லை என்ற பலருடைய ஏமாற்றத்துக்கு விடை உங்களிடம் இருந்தது: 1942 முதல் அங்கே விதிமுறை உண்டு, வெள்ளி ஓய்வு நாள், தினமும் ஒரு மணி நேர உணவு இடைவேளை.

விடுதி நடத்திய அம்மாக்களுக்குத் தனி வணக்கம். பக்கத்துத் தெருக்காரர்கள் எல்லாம் கடற்கரையிலும் பக்கத்திலேயே இருந்தார்கள் என்று பலர் வியந்திருந்தார்கள். பிளாக்பூலைச் சேர்ந்த லங்காஷயர் வட்டாரத்தின் பஞ்சாலைகள் விடுமுறைக்காக ஊருக்கொரு வாரமாக மூடப்பட்டதால், ஓர் ஊரே ஒன்றாக ரயிலேறியது. பழைய வழக்கப்படி குடும்பங்கள் வாங்கிவந்த பண்டங்களைத் தனித்தனியாகச் சமைத்துப் போட்டதும், மேசையிலிருந்த உப்பு, மிளகுக்குக்கூடத் தனியாகக் காசு வாங்கியதும் உங்களால்தான் சரியாகப் பதிவாயின.

மணல் கோட்டை இடிவதன் காரணத்தை விளக்கியவர்களுக்கும் நன்றி. எட்டு வாளி உலர்மணலுக்கு ஒரு வாளி நீர்; அதற்குக் குறைந்தால் உதிரும், கூடினால் வழியும். கடல் ஏற்றம் சுமார் 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை வருவதால், நேற்று கோட்டை நிலைத்த இடத்தில் அதே நேரத்துக்கு இன்றும் நிலைக்கும் என்று எண்ணக் கூடாது.

ரயில்வேயில் இருந்த ஐயா, எங்கள் பெரிய பிழையைத் தடுத்தீர்கள். 1967-இல் பிளாக்பூல் கோபுரத்தருகே சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கியதாக ஒரு குறிப்பு இருந்தது. அந்த நிலையம் 1964 நவம்பரிலேயே மூடப்பட்டுவிட்டது என்றீர்கள். படங்களையும் அப்படியே சரிபார்த்தோம்: ‘பிக் ஒன்’ ரோலர்கோஸ்டர் தெரிந்தால் 1994-க்கு முந்தையதல்ல, விலைப்பலகையில் பழைய பிரிட்டிஷ் நாணயமான ஷில்லிங் இருந்தால் பெரும்பாலும் 1971 பிப்ரவரிக்கு முந்தையது.

உங்களிடம் இரவல் வாங்கிய படங்களை, பின்புறம் பென்சிலால் ஆண்டைக் குறித்து, உறையிலிட்டு அனுப்பிவைக்கிறோம்.

நன்றியுடன்,
தொகுப்புக் குழுவினர்