நேர்முகத் தேர்வுக்குத் தமிழிலேயே பேசிப் பழக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏழாவது செமஸ்டர் தொடங்கிவிட்டால் பொறியியல் கல்லூரிகளில் கேம்பஸ் இன்டர்வியூ பேச்சுதான். அதற்காகக் கல்லூரிகள் நடத்தும் பயிற்சியில் பெரும்பகுதி ஆப்டிடியூட் கணக்குக்கும் ஆங்கிலத்தில் 'செல்ஃப் இன்ட்ரோ' ஒப்பிப்பதற்கும் போகிறது. மென்பொருள் வேலைக்கான தேர்வில் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுவதோ டெக்னிக்கல் ரவுண்டில். எழுதுகிற புரோகிராமைப் பற்றி வாய் திறந்து பேச வேண்டிய அந்த முப்பது, நாற்பது நிமிடத்துக்கு அவர்களை யாரும் பழக்குவதில்லை. அந்தப் பழக்கத்தைத் தமிழிலேயே தொடங்க முடியும், தொடங்க வேண்டும் என்பதுதான் இக்கடிதத்தின் கோரிக்கை.

முதல் கட்டமான ஆன்லைன் தேர்வில் பேச்சுக்கு இடமில்லை. புரோகிராம் எழுதவைத்துச் சோதிக்கும் ஹேக்கர்ரேங்க் போன்ற இணையதளத்தில் கணக்கைத் தருவார்கள். கண்ணுக்குத் தெரியும் இரண்டு மூன்று மாதிரி உள்ளீடுகளுக்கு விடை சரியாக வந்துவிடும். மறைத்து வைத்திருக்கும் உள்ளீடுகளில்தான் மார்க் போகும். காலிப் பட்டியல், ஒரே ஒரு எண், எதிர்மறை எண்கள், ஒரு லட்சம் எண்கள் என்று அவை இருக்கும். இந்தக் கட்டத்தைத் தாண்டி வருபவர் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்தான். அவரும் அடுத்த கட்டத்தில் ஏன் சறுக்குகிறார் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

'ஒரு பட்டியலில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடி.' புதிதாகப் படித்து முடித்தவர்களிடம் மிகச் சாதாரணமாகக் கேட்கப்படும் கேள்வி. பலர் கேள்வி முடிவதற்குள் டைப் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்: சார்ட் செய் (சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கு), கடைசிக்கு முந்தையதை எடு. பட்டியல் 10, 45, 45, 7 என்று இருந்தால் இந்த விடை 45 என்று வரும். கேட்டவர் எதிர்பார்த்தது 10 ஆகவும் இருக்கலாம். ஒரே எண் இரண்டு முறை வந்தால் ஒன்றாகக் கொள்வதா, இரண்டாகவா? இதைக் கேட்காமல் எழுதியதுதான் முதல் தவறு. அடுத்து, ஒரே ஓட்டத்தில், அதாவது பட்டியலை ஒரே ஒரு முறை பார்த்து, செய்ய முடியுமா என்று கேட்பார்கள். ஒரு லட்சம் எண்களை லூப்புக்குள் லூப் வைத்து, ஒவ்வோர் எண்ணையும் எல்லா எண்களோடும் ஒப்பிட்டால் ஆயிரம் கோடி ஒப்பீடு. சார்ட் செய்தால் ஏறத்தாழ 17 லட்சம். ஒரே ஓட்டத்தில் பார்த்தால் லட்சத்தை ஒட்டியே முடிந்துவிடும். இந்த மூன்று எண்ணிக்கையை வாய்விட்டுச் சொன்னாலே, எதிரே இருப்பவருக்கு இவர் அளவு தெரிந்து எழுதுபவர் என்று புரிந்துவிடும்.

ஒரே ஓட்டத்துக்கு 'பெரியது', 'அடுத்தது' என்று இரண்டு மாறிகள் (எண்ணைப் போட்டு வைக்கும் இடங்கள்) போதும். இங்கே மூன்று இடத்தில் கால் வழுக்கும். இரண்டையும் பூஜ்ஜியத்தில் தொடங்கினால் -5, -2, -9 என்ற பட்டியலுக்கு விடை பூஜ்ஜியம் என்று வரும்; பட்டியலில் அப்படி ஓர் எண்ணே இல்லை. புதிய எண் பெரியதைவிடப் பெரிதாக இருந்தால், பழைய பெரியதை முதலில் 'அடுத்தது'க்கு நகர்த்திவிட்டுத்தான் புதியதை 'பெரியது'க்குள் போட வேண்டும். வரிசை மாறினால் இரண்டிலும் ஒரே எண் உட்கார்ந்துவிடும். மூன்றாவது, புதிய எண் பெரியதைவிடச் சிறியது, ஆனால் அடுத்ததைவிடப் பெரியது என்ற நிலை. இதற்கு ஒரு நிபந்தனை எழுதாவிட்டால் 45, 10 என்று இறங்கு வரிசையில் வரும் பட்டியலில் 'அடுத்தது' கடைசிவரை காலியாகவே கிடக்கும். எல்லா எண்களும் ஒன்றாகவே இருந்தால் 'இரண்டாவது இல்லை' என்று சொல்லவும் ஒரு வழி வைக்க வேண்டும்.

இதே கேள்வி டேட்டாபேஸ் வேடத்திலும் வரும்: இரண்டாவது அதிகச் சம்பளம் எது? சம்பளத்தை இறங்கு வரிசையில் அடுக்கி இரண்டாவதாக இருப்பதை எடுப்பவர், இரண்டு பேருக்கு ஒரே உச்சச் சம்பளம் இருந்தால் மாட்டிக்கொள்வார். 'டிஸ்டிங்க்ட்' என்ற கட்டளைச் சொல்லைப் போட்டு, ஒரே சம்பளம் ஒரு முறை மட்டும் வரும்படி தனித்தனிச் சம்பளங்களாக்கிய பிறகே அடுக்க வேண்டும்.

இவை எல்லாம் மாணவருக்குத் தெரியாத விஷயங்கள் அல்ல. பேப்பரில் நான்கு கட்டம் போட்டு ஒவ்வொரு எண்ணாக டிரை ரன் பார்த்தால், அதாவது புரோகிராமைக் கையாலேயே ஓட்டிப் பார்த்தால், ஐந்து நிமிடத்தில் மூன்று தவறும் பிடிபடும். ஆனால் நேர்முகத்தில் அந்த டிரை ரன்னைச் சத்தமாகச் செய்ய வேண்டும். அங்கேதான் தமிழ் வழியில் படித்து வந்தவர் வாயடைத்துப் போகிறார். மனதுக்குள் 'இதைத் தூக்கி அங்கே போட்டுட்டு, அப்புறம்தான் இதை மாத்தணும்' என்று தெளிவாகவே ஓடுகிறது. அதை ஆங்கிலமாக்கும் முயற்சியில் யோசனையே நின்றுவிடுகிறது. பத்து நிமிட மௌனத்தை எதிரே இருப்பவர் 'தெரியவில்லை' என்றுதான் குறித்துக்கொள்வார். அவரிடம் வேறு ஆதாரம் இல்லை.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலுக்கு வந்தது 2021-ல். அந்த முதல் அணி 2025-ல் படிப்பை முடித்துவிட்டது; ஆண்டுதோறும் அடுத்தடுத்த அணிகள் வருகின்றன. சீட்டுக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்துவிடவில்லை.

எனவே கல்லூரிகளுக்கு: செல்ஃப் இன்ட்ரோ பயிற்சியில் பாதி நேரத்தை எடுத்து, போர்டு முன்னால் பேசிக்கொண்டே புரோகிராம் எழுதும் பயிற்சிக்குக் கொடுங்கள். இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் எழுத மற்றவர் கேட்கட்டும். கணக்கு ஒன்றுக்கு முப்பது நிமிடம். முதல் ஐந்து நிமிடம் டைப் செய்யக் கூடாது, கேள்வி மட்டும் கேட்க வேண்டும். முதல் பத்துக் கணக்கு முழுக்கத் தமிழில் போகட்டும். லூப், அர்ரே, இன்டெக்ஸ் எல்லாம் எப்படியும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலத்துக்கு மாறலாம், ஏனென்றால் நேர்முகம் நடத்துபவர் புனேயிலோ ஹைதராபாத்திலோ இருக்கலாம். அதற்கு இலக்கண சுத்தமான ஆங்கிலம் தேவையில்லை. 'கேன் த லிஸ்ட் பி எம்ட்டி?', 'திஸ் வில் ஃபெயில் இஃப் ஆல் நம்பர்ஸ் ஆர் சேம்', 'கிவ் மீ டூ மினிட்ஸ் டு திங்க்' என்பது போன்ற இருபது வாக்கியம் கைவசம் இருந்தால் ஒரு ரவுண்டை ஓட்டிவிடலாம். நான் முதல்வன் திட்டத்திலும் இப்படியொரு பேச்சுப் பயிற்சிக்கு இடம் ஒதுக்க முடியும்.

மாணவர்களுக்கும் ஒன்று. நேர்முகம் நடத்துபவர் 'எதிர்மறை எண் வந்தால்?' என்று இடையில் கேட்டால், தோற்றுவிட்டோம் என்று முகம் வாடிப் போக வேண்டாம். அவர் கை கொடுக்கிறார். 'ஆமாம், பூஜ்ஜியத்தில் தொடங்கியது தவறு, மாற்றுகிறேன்' என்று பிடித்துக்கொள்ளுங்கள். தவறைத் தானே திருத்துபவருக்கு மார்க் குறைவதில்லை, பல நேரம் கூடவே செய்யும்.

ரெஸ்யூமேயில் போடும் புராஜெக்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். காசு கொடுத்து வாங்கிய புராஜெக்ட் மூன்றாவது கேள்வியில் நின்றுவிடும். தியேட்டர் டிக்கெட் பதிவு என்று போட்டிருந்தால் வரும் கேள்வி இதுதான்: ஒரே சீட்டை இரண்டு பேர் ஒரே நொடியில் அழுத்தினால் என்ன ஆகும்? முதலில் காலியா என்று பார்த்து, பிறகு பதிவு செய்யும்படி எழுதியிருந்தால் இருவருக்குமே காலி என்று காட்டி, இருவருக்கும் டிக்கெட் போய்விடும். காட்சி எண்ணும் சீட்டு எண்ணும் சேர்ந்து டேபிளில் ஒரே முறைதான் வரலாம் என்று யுனிக் கட்டுப்பாடு வைத்தால் இரண்டாவது பதிவை டேட்டாபேஸே தடுத்துவிடும். தானே கட்டிய சின்ன புராஜெக்டில் இந்தப் பதில் தானாக வரும். அடுத்தவர் கட்டிய பெரிய புராஜெக்டில் வராது.

நிறுவனங்களிடம் கேட்க வேண்டியவையும் உண்டு. எத்தனை ரவுண்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம், புரோகிராமை ஓட்டிப் பார்க்க முடியுமா அல்லது வெறும் எழுத்துத் தாள் போன்ற திரையில் எழுத வேண்டுமா என்பதை இரண்டு நாள் முன்பாவது அழைப்புக் கடிதத்தில் சொல்லிவிடலாம். ரன் பட்டனை நம்பிப் பழகியவர் அது இல்லாத திரையைப் பார்த்ததுமே தடுமாறிவிடுகிறார். நேர்முகம் நடத்துபவர், மாணவர் இருவருக்கும் தமிழ் தெரியும் என்றால் டெக்னிக்கல் ரவுண்டில் தமிழ் கலந்து பேசலாம் என்று தொடக்கத்திலேயே ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாணவர் தானாகக் கேட்க மாட்டார். ஆங்கிலம் வேண்டிய வேலை என்றால் அதைத் தனி ரவுண்டில் சோதியுங்கள். ஒரே ரவுண்டில் இரண்டையும் கலந்தால், எதில் தேறவில்லை என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

தேர்வாகாதவருக்கும் ஒரு வாரத்துக்குள் முடிவைச் சொல்லுங்கள். 'உள்ளீட்டின் எல்லைகளை யோசிக்கவில்லை', 'புராஜெக்டை விளக்க முடியவில்லை' என்று ஒரு வரிக் காரணம் போதும். நேர்முகம் முடிந்ததும் குறிப்பு எழுதும்போதே அந்த வரியும் கையில் இருக்கிறது. அதை அனுப்பினால், அடுத்த நிறுவனத்தின் தேர்வுக்கு முன் எதைச் சரிசெய்வது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
நேர்முகத் தேர்வு நடத்தும் மென்பொருள் பொறியாளர்,
சென்னை.