கட்டிலுக்கு அடியில் இருந்த கொடுவாள்

கண்ணு,

அம்மா எழுதுகிறேன். நீ துப்பாக்கி வாங்கப் போவதாகச் சொன்னதும் எனக்குப் போனில் பேச்சே வரவில்லை. அப்பாவுக்கும் லைசென்சு வாங்கச் சொன்னாய். அன்று சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன்.

உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் தோட்டத்து வீட்டில் தாய், தகப்பன், மகன் மூன்று பேரையும் கொன்றுவிட்டார்கள். அடுத்த மே மாதம் சிவகிரி பக்கம் வயதான புருஷன் பெண்டாட்டி கொலையாகிக் கிடந்தார்கள். அதற்கப்புறம் நம் சாளையில், இந்தத் தோட்டத்து வீட்டில், நிம்மதியாகத் தூங்கிய ராத்திரி இல்லை. அப்பா கொடுவாளைச் சாணை பிடித்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

போன ஆடியில் நடந்ததை உன்னிடம் மறைத்துவிட்டோம். ராத்திரி ரெண்டு மணி, தோட்டத்து மோட்டாருக்கு மும்முனைக் கரண்டு வந்த நேரம். நாய் விடாமல் குரைத்தது. கிணற்று மேட்டில் ஒரு ஆள் நிழல். அப்பா கொடுவாளோடு ஓடினார், ஓங்கி வீசியும் விட்டார். "மாமா, நானுங்க!" என்று அலறல். பக்கத்துத் தோட்டத்துப் பையன், உன்னோடு பள்ளிக்கூடம் போனவன். கூட்டுக் கிணறு, அன்றைக்கு அவர்கள் முறை. மோட்டார் போட வந்திருக்கிறான். அவன் குனிந்ததால் வெட்டு மோட்டார் ரூம் கதவில் விழுந்தது. தகரம் ஒரு சாண் நீளம் கிழிந்து இன்னும் அப்படியே இருக்கிறது. விடியும்வரை அப்பாவுக்குக் கை நடுங்கியது. காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாமல் திண்ணையிலேயே வைத்துவிட்டார்.

முப்பது வருஷமாக நாய் குரைத்தால் அவர் திண்ணையில் நின்று "யாரது?" என்றுதான் குரல் கொடுப்பார். அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை. கையில் கொடுவாள் இருந்தது. அது துப்பாக்கியாக இருந்திருந்தால் அந்தப் பையன் குனிந்து தப்பியிருக்க முடியுமா?

ஆயுதத்தால் உயிர் தப்பியவர்களும் உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கு டீச்சராக இருந்தவள் எண்ணைப் பார்க்காமல் விடுவேனா? கலிபோர்னியாவில் கைத்துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், துப்பாக்கி இல்லாத வீட்டுக்காரர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல் கொலையாகிறார்கள் என்று ஸ்டான்போர்டு ஆராய்ச்சியாளர்கள் 2022இல் எழுதியிருக்கிறார்கள். துப்பாக்கி வாங்கியவர் இல்லை கண்ணு, கூட இருப்பவர்கள். உன் வீட்டில் அது யார்? அமெரிக்காவில் 2020இலிருந்து பிள்ளைகளும் வளரும் பருவத்தினரும் சாவதற்கு முதல் காரணமே துப்பாக்கிதான், கார் விபத்துக்கூட அதற்குப் பின்னால்தான். நம் பேரன் இப்போதே அலமாரி மேல் ஏறுகிறான். பூட்டி வைத்தால் திருடன் வரும் நேரத்தில் உனக்குக் கிடைக்காது. பூட்டாமல் வைத்தால் அவனுக்குக் கிடைக்கும்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. கேட்டிலும் மாட்டுக் கட்டுத்தறியிலும் கேமரா வைத்தாயிற்று, சாளையைச் சுற்றி விளக்கு போட்டாயிற்று. சத்தம் கேட்டால் வெளியே போகாமல், கதவைத் தாழிட்டு 112க்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் போன் அடிப்பது என்று முடிவு. ராத்திரி மோட்டார் போட வருகிறவர்கள் முன்னமே சொல்லிவிட்டு வருகிறார்கள். கொடுவாள் மறுபடியும் கட்டுத்தறிக்கே போய்விட்டது, சோளத்தட்டு வெட்ட.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. வாங்கிவிட்டாயா, இல்லையா என்பதை முதலில் சொல். அப்புறம் பேரனிடம் கொடு.

அம்மா