தலையைத் திருப்பி வைத்த கைகளுக்கு நன்றி

அன்புள்ள நண்பர்களே, ஆசிரியர்களே, மருத்துவர்களே, செவிலியர்களே, பெற்றோர்களே,

குடியிலும் போதைப்பொருளிலும் சிக்கிய பதின்வயதுப் பிள்ளைகள் மீண்டு வரத் துணை நிற்பவர்கள் நாங்கள். ஒரு பிள்ளை மீண்டால் பாராட்டெல்லாம் எங்களுக்கு வந்து சேர்கிறது. ஆனால் அந்தப் பிள்ளை எங்கள் வாசலுக்கு உயிரோடு வந்து சேர்ந்ததே உங்களால்தான். "அனைவருக்கும் நன்றி" என்று ஒற்றை வரியில் முடிக்க மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்ன செய்தீர்கள், அது ஏன் பலித்தது என்று சொல்லியே நன்றி கூறுகிறோம். நாளை அதே இடத்தில் நிற்கப்போகிறவருக்கும் அது உதவும்.

முதல் நன்றி, மயங்கிக் கிடந்த நண்பனை விட்டு ஓடாமல் நின்ற தம்பி தங்கைகளுக்கு. "தூங்கட்டும், காலையில தெளிஞ்சிடும்" என்று மற்றவர்கள் சொன்னபோது நீங்கள் கேட்கவில்லை. கடைசி மிடறு உள்ளே போன பிறகும் வயிற்றில் இருக்கும் மது இரத்தத்தில் கலந்துகொண்டேதான் இருக்கும். படுத்த பிறகு நிலைமை மோசமாவது அதனால்தான். காபி கொடுத்தால் கல்லீரல் வேகமாக வேலை செய்துவிடாது. தலையில் தண்ணீர் ஊற்றினால், ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும் உடல் வெப்பம் இன்னும் இறங்கும். தொண்டையில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைத்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடலாம்.

நீங்கள் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தீர்கள். மேலே இருக்கும் காலை முட்டியில் மடக்கி முன்னால் ஊன்றி, மேல்கையை மடித்துக் கன்னத்துக்கு அடியில் கொடுத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, வாய் தரையைப் பார்க்கும்படி வைத்தீர்கள். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சை எண்ணினீர்கள். நிமிடத்துக்கு 8 மூச்சுக்குக் குறைந்தாலோ, ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே 10 விநாடி கடந்தாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, வலிப்பு வந்தாலோ, உலுக்கியும் விழிக்காவிட்டாலோ உடனே ஆம்புலன்ஸ். இவற்றில் ஒன்று இருந்தாலே போதும். வந்தவர்களிடம் என்ன குடித்தான், எவ்வளவு, கூடவே மாத்திரை ஏதும் போட்டானா என்று ஒளிக்காமல் சொன்னீர்களே, அதற்குத் தனி நன்றி. மதுவோடு தூக்க மாத்திரையோ ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரையோ சேர்ந்தால் ஒன்றுக்கொன்று துணைபோய் மூச்சை அமுக்கிவிடும். அது தெரிந்தால் மருத்துவர் எடுக்கும் முடிவே வேறு.

ஓபியாய்டு அமுக்கிய மூச்சை மீட்கும் மருந்தான நலாக்சோன் மூக்குத் தெளிப்பானைப் பையில் வைத்திருந்தவர்களுக்கும் வணக்கம். ஒரு நாசியில் ஒரு முறை. 2, 3 நிமிடத்தில் மூச்சு திரும்பாவிட்டால் புதிய தெளிப்பானால் மறு நாசியில். கண் விழித்ததும் "சரியாயிடுச்சு, வீட்டுக்குப் போறேன்" என்று அவன் எழுந்தபோது நீங்கள் விடவில்லை. அந்த மருந்தின் வேகம் 30 முதல் 90 நிமிடத்தில் தணிந்துவிடும். உள்ளே இருக்கும் ஓபியாய்டு அதைத் தாண்டி நீடித்தால் மூச்சு மறுபடி அடங்கும். பசையும் தின்னரும் முகர்ந்துகொண்டிருந்த பிள்ளைகளைக் கண்டு, அதட்டித் துரத்தாமல் மெதுவாகப் பேசி உட்கார வைத்த காவலாளி ஐயாவுக்கும் நன்றி. முகர்ந்த நிலையில் திடுக்கிட்டு ஓடினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கேயே உயிர் போகக்கூடும்.

வகுப்பில் வைத்துக் கேட்காமல் தனியே அழைத்துப் பேசிய ஆசிரியர்களுக்கு நன்றி. "நீ குடிக்கிறியா?" என்று நீங்கள் தொடங்கவில்லை. "மூணு வாரமா முதல் பீரியட்ல தூங்கிடுற, ஃபுட்பால் பிராக்டிஸுக்கும் வரல, என்னப்பா ஆச்சு?" என்று கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னீர்கள். பார்த்ததைச் சொன்னால் பிள்ளை பதில் சொல்லும். குற்றம் சாட்டினால் பொய்தான் வரும்.

மருத்துவர்களே, பெற்றோரைச் சற்று நேரம் வெளியே உட்கார வைத்துவிட்டு நீங்கள் பேசிய அந்தப் பத்து நிமிடம்தான் பல பிள்ளைகளுக்குத் திருப்புமுனை. "நீ சொல்றது என்னோட இருக்கும், உன் உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னா மட்டும் சொல்லியாகணும்" என்று எல்லையை முதலிலேயே சொன்னீர்கள். பதின்வயதினருக்கென்றே வகுத்த கிராஃப்ட் கேள்விகள் ஆறையும் நிதானமாகக் கேட்டீர்கள்: போதையில் இருப்பவர் ஓட்டிய வண்டியில் ஏறியதுண்டா, மனதைத் தளர்த்திக்கொள்ளவோ மற்றவர்களோடு பொருந்திப்போகவோ எடுத்ததுண்டா, தனியாக இருக்கும்போது எடுத்ததுண்டா, எடுத்தபோது செய்தது மறந்துபோனதுண்டா, குறைத்துக்கொள்ளும்படி வீட்டாரோ நண்பர்களோ சொன்னதுண்டா, அதனால் வம்பில் மாட்டியதுண்டா. இரண்டுக்கு "ஆம்" வந்தால் முழு மதிப்பீட்டுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் அனுப்பினீர்கள்.

தினமும் குடித்துவந்த பிள்ளையிடம் "இன்னிக்கே நிறுத்து" என்று சொல்லாததற்கும் நன்றி. திடீரென்று நிறுத்தினால் 6 மணி நேரத்திலேயே நடுக்கம் தொடங்கலாம். முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பிதற்றலும் குழப்பமும் வந்தால் உயிருக்கே ஆபத்து. பென்சோடயசபின் வகைத் தூக்க மாத்திரைகளும் அப்படித்தான்: படிப்படியாகக் குறைக்க வேண்டும். வீட்டு அறையில் பூட்டி வைத்து "தெளியவைக்கும்" வைராக்கியம் எத்தனை நல்ல எண்ணத்தில் செய்தாலும் ஆபத்தானது. கஞ்சாவில் அந்த உயிராபத்து இல்லை. ஆனாலும் முதல் வாரம் எரிச்சல், தூக்கமின்மை, பசியின்மை எல்லாம் உச்சத்தில் இருக்கும். அதை முன்கூட்டியே சொல்லிவைத்ததால்தான் வீட்டார் "திமிரு" என்று நினைக்காமல் பொறுத்துக்கொண்டார்கள்.

மனநல ஆலோசகர்களின் ஒரு கேள்வியை நாங்கள் ஒவ்வொரு முறையும் வியந்து பார்க்கிறோம். "நிறுத்தணும்னு 0லேர்ந்து 10க்குள்ள எவ்வளவு தோணுது?" பிள்ளை தோளைக் குலுக்கி "4" என்கிறாள். "ஏன் 4 தானா?" என்று கேட்டிருந்தால் நிறுத்தாததற்கான காரணங்களை அடுக்கியிருப்பாள். நீங்கள் "ஏன் 4? ஏன் 2 இல்ல?" என்று கேட்டீர்கள். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி பார்க்கிறா" என்றாள். மாறுவதற்கான காரணம் அவள் வாயிலிருந்தே வந்துவிட்டது. அதன்மேல்தான் மற்றதெல்லாம் கட்ட முடிந்தது. வில்லியம் மில்லர் 1983இல் எழுதிவைத்த ஊக்க நேர்காணல் முறையின் சாரமே இதுதான்.

பெற்றோர்களே, உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றி நீளம். போதையில் வந்த இரவில் சண்டையிடாமல், பாதுகாப்பாகப் படுக்க வைத்து, தெளிந்த பிறகு பேசினீர்கள். வீட்டில் இருந்த தூக்க மாத்திரை, வலி மாத்திரை, இருமல் மருந்து, மதுப் புட்டிகளைப் பூட்டி வைத்து, மாத்திரைகளை எண்ணிக் குறித்துக்கொண்டீர்கள். கடையில் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை வாங்கி வந்து பிள்ளையை நிற்க வைத்து மிரட்டவில்லை. தொடர்ந்து கஞ்சா எடுத்தவருக்கு நிறுத்தி ஒரு மாதம் ஆன பிறகும் அந்தப் பட்டையில் தெரியலாம். சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை ஆம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருளாகத் தவறாகக் காட்டக்கூடும். உண்மையாகவே நிறுத்திய பிள்ளையைப் பொய்யன் என்று சொல்லிவிட்டால் பிறகு நம்பிக்கையை மீட்கவே மாதங்களாகும். ஆய்வகத்தில் உறுதிப்படுத்தும் வரை காத்திருந்தீர்களே, பெரிய மனது அது. குடும்ப ஆலோசனைக்கு நீங்களும் வந்து உட்கார்ந்ததற்கும் நன்றி. இந்த வயதில் பிள்ளையை மட்டும் அனுப்பிவைத்துப் பலன் பார்ப்பது கடினம்.

மீண்டு வந்த அண்ணன்களே, அக்காக்களே, ஏக்கம் அலைபோல எழும், பெரும்பாலும் அரை மணிக்குள் தணியும், அதுவரை பேசிக்கொண்டே நடப்போம் என்று நடந்தீர்கள். இன்னொன்றையும் மறைக்காமல் சொன்னீர்கள்: சில வாரம் நிறுத்தினாலே உடலின் தாங்குதிறன் இறங்கிவிடும், பழைய அளவை மறுபடி எடுத்தால் உயிர் போகும். "சொன்னால் ஆசை காட்டியதாகிவிடுமோ" என்று பெரியவர்கள் தயங்கும் இடம் அது.

கடைசியாக, சறுக்கிய மறுநாள் காலையிலேயே எங்களுக்குப் போன் செய்த பிள்ளைகளே, உங்களுக்கு. "நேத்து எடுத்துட்டேன்" என்ற அந்த இரண்டு சொல்லைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் சந்திப்பு நேரம் மாறவில்லை. அதே கிழமை, அதே மணி.

நன்றியுடன்,
மீட்புத் துணைக் குழுவினர்